கறுப்பு மொச்சை

டுலூத்தில் ஜனவரி.
ஏரி உறைந்து முனகுவது தெருவரை கேட்கும்.
சலவைக்கடையின் நிலவறையில், வெந்நீர்க் குழாய்களுக்குக் கீழே,
வியாழன்தோறும் நாங்கள் நால்வர்
இல்லாத ஒரு நாட்டைக் காப்பாற்றுகிறோம்.

ஆட்டத்தை நடத்துபவர் ஆரின் ஹால்வர்சன்.
பகலில் காப்பீட்டுக் கம்பெனிக்காக
எரிந்த வீடுகளைப் பார்வையிடுகிறவர்.
தீ பிடித்ததா, வைத்ததா என்று
கரியை மோந்தே சொல்லிவிடுவாராம்.
அவர் முன்னால் ஒரு ஊறுகாய் ஜாடி,
கிண்ணம் நிறையக் கறுப்பு மொச்சை.
மந்திரத்தால் நீங்கள் யாரையாவது தொட்டால்
பகடைக்கு முன்பு ஒரே கேள்வி: "எதுக்கு?"
பதில் பிடிக்காவிட்டால் ஜாடியில் ஒரு மொச்சை.
ஏழு சேர்ந்தால் உங்கள் பாத்திரம் அவருடையது.

நான் கோடரிக்காரன்.
அன்று மட்டும் மூன்று காவலர்களை வெட்டினேன்.
ஒருவன் சரணடையும் வாக்கியத்தின்
பாதியில் இருந்தான்.
எனக்கு மொச்சை கிடையாது.
கோடரியிடம் யாரும் காரணம் கேட்பதில்லை.

வெர்னா காங்கஸின் சூனியக்காரி
ஆலைக்காரி வீட்டு வாசலில் நின்றாள்.
மகனை ஆறு கொண்டுபோய் ஒன்பது நாள்.
அடுப்பு மூட்டவில்லை, கையில் காய்ந்த மாவைக் கழுவவில்லை,
வருகிறவர் எல்லாரிடமும்
"அவனா?" என்கிறாள்.

"நெற்றியைத் தொடுகிறேன்" என்றாள் வெர்னா.
"மகன் இருந்ததே மறந்துபோகட்டும்."
ஆரின் வாய் திறக்குமுன் பகடை உருண்டது.
இருபது.

"எதுக்கு?"
"அழுகிறாளே."
"மறக்கணும்னு கேட்டாளா?"
"கேட்கிற நிலையிலா இருந்தாள்?"
டோ வாங் புத்தகத்தைப் புரட்டினான், பத்தொன்பது வயசு,
சட்டம் என்றால் உயிர்:
"குணமாக்கல் வகை. எண்பத்தொன்றாம் பக்கம். குற்றமில்லை."
"அந்தப் பையனுக்கு இப்போ அம்மா யாரு?" என்றார் ஆரின்.
செத்தவனுக்கு எதற்கு அம்மா என்றேன் நான்.
கோடரி புத்தி.

மேலே உலர்த்தி ஓடி நின்றது.
வெர்னா பகடையைப் பார்த்தே பேசினாள்:

"எட்டாம் அறையில் மிஸஸ் லுண்ட்.
தினமும் நாலரை மணிக்கு, எல்மர் எங்கே என்பாள்.
எல்மர் போய் ஆறு வருஷம்.
முதல் வாரம் உண்மையைச் சொன்னேன்.
தினமும் புதிதாக விதவையானாள்.
இப்போ, கார் நிறுத்தப் போயிருக்கார் என்கிறேன்.
சூப் குடிக்கிறாள்.
அதுக்கு எத்தனை மொச்சை, ஆரின்?"

அவர் ஒன்றை எடுத்து விரலிடுக்கில் உருட்டினார்.
கை ஜாடிக்கு மேலே நின்றது. கிண்ணத்துக்கு மேலே நின்றது.
"குளிருக்காகத் தீ வைத்தவங்களையும் பார்த்திருக்கேன்.
என் படிவத்தில் கட்டம் இரண்டுதான்."
மொச்சையை வரைபடத்தில்,
ஆலைக்காரியின் வாசற்படியில் வைத்துவிட்டு
விளக்கை அணைத்தார்.

அன்றிரவு மூன்று மணிக்கு
நகராட்சியின் பனி வழிக்கும் வண்டியில் இருந்தேன்.
தெருவைத் திறந்தேன். திறக்கத் திறக்க
வீட்டு வாசல்களை மூடினேன்.
அந்தக் காவலனின் பாதி வாக்கியத்தை
முடித்துப் பார்த்தேன்.
வரவில்லை.

அடுத்த வியாழன். மொச்சை அதே இடத்தில்.
ஆரின் தொடங்கினார்:
"அடுப்பு எரிகிறது. ரொட்டி மணக்கிறது.
ஆலைக்காரி முணுமுணுத்துப் பாடுகிறாள்.
மேசையில் இரண்டு தட்டு வைக்கிறாள்.
இரண்டாவதைப் பார்த்தபடி நிற்கிறாள்,
யாருக்கென்று தெரியாமல்.
என்ன செய்கிறீங்க?"

டோ புத்தகத்தைத் திறக்கவில்லை.
வெர்னா பகடையைத் தொடவில்லை.
"உட்காருகிறேன்" என்றாள், "அந்தத் தட்டுக்கு முன்னால்."

ஆரின் எதுக்கு என்று கேட்க மறந்தார்,
அல்லது கேட்கவில்லை.
மேலே யாரோ உலர்த்தியில் காசு போட்டார்கள்.